நாட்டுப் பாட்டும் இசைத்தட்டும்

ஒரு பாட்டு பிரபலமாயிற்று என்று நாம் எல்லோரும் எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். அஃது எவ்வாறு பிரபலமாயிற்று, அதனை அளந்தவர் யார், அளந்த கோல் யாது என்று வினவுவார் மிகச் சிலரே. சங்கீத வித்துவான்களின் கீர்த்தனங்களைப் பற்றி நூல்கள் பல உள. வயல் வரப்பிலும் மலைச் சரிவிலும் பிறந்த பாட்டு, இசைத்தட்டில் ஏறி, கடைத்தெருவில் விலையாகி, ஊர் ஊராய்ப் பரவிய வரலாற்றையோ நம் மாணவர் அறிந்தது சிறிது. 1976ஆம் ஆண்டில் வெளிவந்த ‘அன்னக்கிளி’ என்னும் திரைப்படத்தின் பாட்டுக்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவ்வரலாற்றை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம். கள்ளக்குறிச்சியையும் அதன் மேற்கே நிற்கும் கல்வராயன் மலையையும் இதனுள் நாம் கொணர்வதற்குக் காரணம் உண்டு. அது பின்னர் விளங்கும்.

முதற்கண் நாட்டுப் பாட்டின் இயல்பைக் கூறுவோம். நடவுப் பாட்டுக்கு முடிவு என்று ஒன்று பாட்டினுள்ளே இல்லை. வயல் முடியும்போது பாட்டும் முடியும். ஏற்றப் பாட்டு, பாத்தி நிரம்பும்வரை செல்லும். தாலாட்டு, குழந்தை கண்மூடும்வரை நீளும். ஒருத்தி முன்பாட மற்றவர் பின்பாடுவர். முன்பாடுபவள் அன்று வயலோரம் வந்து நின்ற பண்ணையாரையும், வரப்பில் வழுக்கி விழுந்த மைத்துனனையும் அப்போதைக்கப்போதே பாட்டில் சேர்த்துக்கொள்வாள். ஆகவே நேற்றுப் பாடிய பாட்டு இன்று அப்படியே இராது. அதற்கு எழுத்துப் படியும் இல்லை. இயற்றியவர் இன்னார் என்னும் முத்திரையும் இல்லை. கீர்த்தனத்தின் கடைசிச் சரணத்தில் தம் பெயரை அமைத்துப் பாடும் வழக்கம் நடவு நடும் பெண்ணுக்கு ஏது?

இசைத்தட்டின் இயல்பு இதற்கு நேர்மாறு. பழைய நாளில், நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட பாட்டே அடங்கும். ஊசி நடுவட்டத்தை அடைந்தால் வயல் முடிந்தாலென்ன, முடியாவிட்டாலென்ன, பாட்டு நின்றாக வேண்டும். எனவே இசைத்தட்டுக்காரர் நாட்டுப் பாட்டை எடுத்தபோதெல்லாம் அதன் தலையையும் காலையும் தறித்து, பல்லவி ஒன்றும் சரணங்கள் இரண்டு மூன்றுமாக அடக்கினர். ஒருமுறை தட்டில் பதிந்த வடிவமே பின்னர் ‘சரியான’ வடிவம் என்று ஆயிற்று. தட்டைக் கேட்டுப் பாடியவர் ஒரு சொல் மாற்றினாலும் கேட்போர் திருத்தத் தொடங்கினர். மேலும், தட்டின் நடுவே ஒட்டிய வட்டச் சீட்டில் பெயர்கள் அச்சிடவேண்டியிருந்தது. பாடியவர் பெயர், இயற்றியவர் பெயர், கம்பெனியின் பெயர், எண் ஆகியவை அதில் இருத்தல் வேண்டும். பெயரற்ற பாட்டுக்கு ஒரு பெயர் தேவைப்பட்ட இடம் அதுவே. இக்கட்டுரையில் நாம் சொல்லவிருக்கும் வழக்குகள் எல்லாம் அவ்வட்டச் சீட்டிலிருந்து கிளைத்தவை எனலாம்.

அமெரிக்க நாட்டில் இது முன்னரே நிகழ்ந்தது. 1903ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆந் தேதி, விர்ஜீனியா மாகாணத்து டான்வில் நகரருகே தபால் ரயில் ஒன்று வேகம் தாளாது பாலத்திலிருந்து வீழ்ந்தது. அவ்விபத்தைப் பற்றி அப்பக்கத்து மக்கள் பாட்டுக் கட்டினர். நம் நாட்டில் கொலைச் சிந்தும் வெள்ளச் சிந்தும் கட்டினாற் போன்றதே இது. வெர்னன் டால்ஹார்ட் என்பார் 1924இல் அதனை விக்டர் கம்பெனிக்குப் பாடினார். அத்தட்டு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது; அந்நாட்டு நாட்டுப்புற இசையில் அவ்வளவு விற்ற முதல் தட்டு அதுவே என்பர். விற்றபின் என்ன நேர்ந்தது? டேவிட் கிரேவ்ஸ் ஜார்ஜ் என்னும் விர்ஜீனியாக்காரர் ஒருவர், பாட்டு தம்முடையது என்று வழக்குத் தொடுத்தார். முதல் நீதிமன்றத்தில் வென்றார். மேல்முறையீடுகள் பல ஆண்டு நடந்து, முடிவில் கம்பெனியே வென்றது. விற்பனை ஆயிரத்தோடு நின்றிருந்தால் அவ்வழக்கு எழுந்திராது என்றே நாம் நினைக்கின்றோம்.

1927ஆம் ஆண்டு கோடையில் அதே விக்டர் கம்பெனியின் சார்பில் ரால்ஃப் பீர் என்பவர், டென்னஸி மாகாணத்து எல்லையிலுள்ள பிரிஸ்டல் என்னும் ஊரில் ஒலிப்பதிவுக் கருவியை நிறுத்தி, சுற்றியுள்ள மலைவாசிகளை அழைத்துப் பாடச் செய்தார். ஜிம்மி ராட்ஜர்ஸும் கார்ட்டர் குடும்பத்தாரும் உலகறியப் பெற்றது அங்கேதான். கார்ட்டர் குடும்பத்தின் தலைவர் ஏ. பி. கார்ட்டர், பின்னர் மலையூர்களில் வீடுவீடாய்ச் சென்று பாட்டுத் தேடினார். லெஸ்லி ரிடில் என்னும் கறுப்பரின நண்பர் அவருடன் சென்றார். கார்ட்டர் சொற்களை எழுதிக்கொள்வார். மெட்டை நினைவில் வாங்கி வந்தவர் ரிடில். பதிவானபோது பெரும்பாலான பாட்டுக்கள் கார்ட்டரின் பெயரிலேயே பதிவாயின. பாட்டியரின் பெயருமில்லை, மெட்டைச் சுமந்து வந்த நண்பரின் பெயருமில்லை. இதனால் கார்ட்டரை நாம் கள்வர் என்று சொல்லத் துணியோம். அவர் தேடிச் சென்றிராவிடில் அப்பாட்டுக்கள் பல அம்மூதாட்டிகளோடு மறைந்திருக்கும். அக்காலத்து வணிக முறையும் அதுவே. ஆயினும் இரண்டு உண்மைகளும் சேர்ந்தே நிற்கின்றன.

பிரபலத்தை எண்ணால் அளக்கும் பழக்கமும் அந்நாட்டிலேயே வேரூன்றியது. ‘பில்போர்டு’ என்னும் பத்திரிகை 1894இல் விளம்பரத் தாள் ஒட்டும் தொழிலினர்க்காகத் தோன்றியது. 1940இல் அது தட்டு விற்பனையைக் கடைகளில் விசாரித்து வாரந்தோறும் வரிசைப் பட்டியல் வெளியிடலாயிற்று. 1944 ஜனவரியில் நாட்டுப்புறத் தட்டுக்களுக்கெனத் தனிப் பட்டியல் வந்தது. சிற்றுண்டிச் சாலைகளில் காசு போட்டால் பாடும் பெட்டிகள் உண்டு; எந்தத் தட்டு எத்தனை முறை பாடிற்று என்பதே அப்பட்டியலுக்குக் கணக்கு. அதுவரை மலைவாசிகளின் இசையை ‘ஹில்பில்லி’ என்று இகழ்ச்சியாகக் கூறிய வணிகர், 1949 முதல் ‘கன்ட்ரி’ என்று மரியாதையாக அழைக்கத் தலைப்பட்டனர். விற்பனை கண்ட பின்னரே மரியாதை வந்தது என்பதைக் குறித்துக்கொள்ளல் தகும்.

நிற்க. நம் நாட்டுக்கு வருவோம். 1902ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரல் தட்டில் பதிந்தது. தமிழில் நாடக மேடைப் பாட்டுக்களும் பின்னர் திரைப்படப் பாட்டுக்களும் தட்டில் ஏறின. 1944இல் வெளிவந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. தியாகராஜ பாகவதரின் பாட்டுக்கள் தெருவெல்லாம் ஒலித்தன. ஆனால் வாரந்தோறும் எண்ணி வரிசைப்படுத்தும் பட்டியல் தமிழுக்கு இல்லை. அதற்கு அண்மையில் வந்தது ரேடியோவே. 1952இல் மத்திய அமைச்சரான கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடம் குறைத்தார். அவ்வாண்டிலேயே இலங்கை வானொலியில் அமீன் சயானியின் ‘பினாக்கா கீத்மாலா’ இந்திப் பாட்டுக்களைக் கொண்டு தொடங்கிற்று. கடைகளின் விற்பனையையும் நேயர் சங்கங்களின் கடிதங்களையும் கொண்டு பாட்டுக்களை அது வரிசைப்படுத்தியது. நம் அரசாங்கம் மூடிய கதவைக் கொழும்பு நகரம் திறந்துவிட்டது என்றே சொல்லலாம். 1957இல் விவித பாரதியைத் தொடங்கி நம் வானொலியும் இறங்கி வந்தது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையோ, கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் முதலிய அறிவிப்பாளர்களின் குரலால் தமிழகமெங்கும் வீட்டு உறவினர் போல் ஆயிற்று.

1970ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் தமிழ்நாட்டுக் கடைத்தெருக்களில் இந்திப் பாட்டே மேலோங்கி ஒலித்தது. ‘ஆராதனா’, ‘பாபி’, ‘ஷோலே’ ஆகியவற்றின் பாட்டுக்களைப் பொருள் தெரியாமலே நம்மவர் பாடினர். இந்நிலையில் 1976 மே 14இல் ‘அன்னக்கிளி’ வெளிவந்தது. தேவராஜ் - மோகன் என்னும் இருவர் இயக்கினர், கதை ஆர். செல்வராஜ், பாட்டுக்களை எழுதியவர் பஞ்சு அருணாசலம், நடித்தோர் சிவகுமாரும் சுஜாதாவும். கறுப்பு வெள்ளைப் படம். இசையமைப்பாளருக்கோ இதுவே முதற்படம். மதுரை மாவட்டத்தில் அப்போதிருந்த பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் ஆர்மோனியப் பெட்டியுடன் ஊர் ஊராய் அலைந்து, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசை கற்று, ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராயிருந்த இளையராஜாவே அவர். முதல் ஒலிப்பதிவு தொடங்கும் கணத்தில் மின்சாரம் நின்றுபோயிற்றென்றும், அபசகுனம் என்று சிலர் முணுமுணுத்தனரென்றும் அவரே மேடைகளில் கூறியுள்ளார். மின்சாரக்காரர் சகுனம் பார்த்துத் தடை செய்வதில்லை என்பதை மட்டும் நாம் கூறிக்கொள்வோம்.

தமிழ்த் திரையில் அதற்குமுன் நாட்டுப் பாட்டே இல்லை என்று சிலர் எழுதுவது பொருந்தாது. 1957இல் கே. வி. மகாதேவன் இசையமைத்த ‘மக்களைப் பெற்ற மகராசி’யில் மருதகாசியின் மணப்பாறை மாட்டுப் பாட்டு உழவன் வாய்மொழியாகவே வந்தது. அதற்கும் நெடுங்காலம் முன்னரே, தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் ‘பெத்லகேம் குறவஞ்சி’யைக் குறத்தியின் வாயில் அமைத்துச் சபையார் அறியச் செய்தார் என்பதை நம் கல்லூரியார்க்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படியாயின் ‘அன்னக்கிளி’யில் புதுமை யாது? மெட்டு கிராமத்தினுடையது, அதன் அடியில் ஓடியது மேனாட்டு முறையில் அமைந்த சுரக் கூட்டும், கிடாரும் வயலினும். மெட்டைத் திருத்தி நாகரிகப்படுத்தாமல், அதன் கொச்சையும் குழைவும் கெடாது வைத்துக்கொண்டு, அதனைச் சுற்றியே வாத்தியங்களை அடுக்கினார் இளையராஜா. எஸ். ஜானகியின் குரலும் அவ்வாறே. சபையில் பாடுவது போலன்றி, களத்தில் நெல் குற்றுகிறவள் தனக்குள் பாடிக்கொள்வது போல் அமைந்தது. தாயார் சின்னத்தாயம்மாள் பாடக் கேட்ட பாட்டுக்கள் தம் இசைக்கு ஊற்றென்று இளையராஜா பலமுறை சொல்லியிருக்கிறார். முன்பாடுதலும் பின்பாடுதலும் இங்கே ஒரு குரலும் குழுவின் எதிரொலியுமாய் மாறின. வயலளவு நீளும் பாட்டு மூன்று நான்கு நிமிடமாய்ச் சுருங்கிற்று. பிரிஸ்டல் நகரில் நடந்ததே இங்கும் நடந்தது. ஆனால் இங்கே அதனைச் செய்தவர் வெளியூர் வணிகர் அல்லர், அம்மண்ணிலேயே பிறந்தவர்.

படம் வெளிவந்த தொடக்க நாட்களில் கொட்டகைகள் நிறையவில்லை. பாட்டே கூட்டத்தைக் கொண்டுவந்தது. படத்தைப் பார்த்துப் பாட்டை விரும்புவது வழக்கம். இங்கோ ரேடியோவில் ‘மச்சானைப் பார்த்தீங்களா’வைக் கேட்டவர் அப்பாட்டு எங்கே வருகிறதென்று காணப் படத்துக்குச் சென்றனர்.

இனிக் கள்ளக்குறிச்சியைப் பார்ப்போம். அன்று அது தென்னார்க்காடு மாவட்டத்தின் மேற்குக் கோடியில் ஒரு தாலுகாத் தலைநகர்; 1993இல் விழுப்புரம் மாவட்டத்தில் சேர்ந்து, 2019இல் தனி மாவட்டமாயிற்று. கோமுகி ஆற்றுப் பாசனமும் நெல்லும் கரும்புமே அதன் வாழ்வு. இசைத்தட்டுப் பெட்டி வாங்க வசதியுள்ள வீடுகள் இத்தகைய ஊர்களில் மிகச் சில. பின் எவ்வாறு பாட்டுப் பரவியது? மைக் செட்டுக்காரராலேயே. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கலியாணம், மாரியம்மன் திருவிழா எதுவாயினும் பந்தற்கால் நட்ட கையோடு, தென்னை மரத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவர். முதலில் விநாயகர் பாட்டு, பின்னர் சாமி பாட்டு ஒன்றிரண்டு, அதன்பின் ஊர் கேட்கும் பாட்டு. அடுத்த ஊர்வரை கேட்கவேண்டும் என்பதே பேரம். ஒரு வீட்டார் கொடுத்த வாடகையில் மூன்று ஊரார் கேட்டனர். விற்பனையை மட்டும் எண்ணும் பட்டியலில் இக்கேட்போர் ஒருவரும் இடம்பெறார்.

ஆகவே நம் பக்கத்தில் பாட்டின் வெற்றியை அறிய வேறு அளவைகள் இருந்தன. மைக் செட்டுக்காரரின் தட்டுக்களில் எது முதலில் தேய்ந்தது? ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பேசுகிறவரைக் ‘கீறல் விழுந்த ரெக்கார்டு’ என்று நாம் ஏசுகிறோமே, அவ்வசை பிறந்தது இத்தேய்மானத்திலிருந்துதான். சந்தையில் விற்கும் பாட்டுப் புத்தகத்தில் எந்தப் படத்தின் புத்தகம் தீர்ந்தது? தேநீர்க் கடையில் எந்தப் பாட்டுக்காகக் குடித்து முடித்தவர் எழாமல் உட்கார்ந்திருந்தார்? தெருக்கூத்தில் கட்டியங்காரன் நையாண்டிக்கு எந்த மெட்டை எடுத்தான்? கூத்து வளமாயுள்ள இப்பகுதியில் இக்கடைசி அளவையை நாம் மிகவும் மதிக்கின்றோம். கட்டியங்காரன் ஒரு மெட்டைத் தொட்டானென்றால் அது கடைசி வரிசையில் பாயில் படுத்திருப்பவருக்கும் தெரிந்த மெட்டு என்பது உறுதி.

மின்கம்பம் ஏறாத ஊருக்கும் டிரான்சிஸ்டர் ரேடியோ ஏறிற்று. மின்கலம் இருந்தால் அதற்குப் போதும். கச்சிராயபாளையத்தைக் கடந்து மேலே சென்றால் கல்வராயன் மலை. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு பகுதி. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தனர் என்று வழிவழியாகச் சொல்வர். பெயர் மலையாளி ஆயினும் பேச்சு தமிழே. தினையும் சாமையும் கேழ்வரகும் விளைத்த அம்மக்கள், சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்தாரர் ஆளுகையின்கீழ் நெடுங்காலம் இருந்தனர். நாடு விடுதலை பெற்றும் அவர்க்கு அவ்வாளுகை நீங்கவில்லை. 1976ஆம் ஆண்டிலேதான் மலை அரசாங்கத்தின் நேர் நிர்வாகத்தில் வந்தது. நாட்டுப் பாட்டுக்குத் தமிழ்த் திரையில் முடிசூட்டிய அவ்வாண்டே, நாட்டுப் பாட்டைத் தம் அன்றாட வாழ்வாகக் கொண்டிருந்த இம்மலைமக்களை அரசாங்கம் தன் குடிகளாகக் கணக்கில் எழுதிக்கொண்ட ஆண்டும் ஆகும். இரண்டுக்கும் காரணத் தொடர்பு ஒன்றும் இல்லை. எனினும் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, பாட்டுக்கு முன்வாயிலும் பாடுகிறவர்க்குப் பின்வாயிலும் திறக்கும் நம் வழக்கம் தெளிவாகப் புலனாகின்றது. இதன்பொருட்டே கல்வராயனை இக்கட்டுரையுட் கொணர்ந்தோம்.

நாட்டுப் பாட்டைப் பிறர் தொகுக்காமல் இல்லை. சார்லஸ் கோவர் 1871இலேயே தென்னிந்திய நாட்டுப் பாடல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பெர்சி மாக்வீன் என்னும் ஆங்கில அதிகாரி தொகுத்தவற்றைக் கி. வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, 1958இல் ‘மலையருவி’ என்னும் பெயரில் தஞ்சைச் சரஸ்வதி மகால் நூல்நிலையம் வெளியிட்டது. பின்னர் நா. வானமாமலை பெரும் பணி செய்தார். ஆனால் ஏட்டில் ஏறிய பாட்டு சொல்லளவில் நின்றது, மெட்டு ஏறவில்லை. மெட்டைப் பிடித்துக்கொண்டது வானொலியும் சினிமாவுமே. பாடுபவரே நேரில் வந்த சமயமும் உண்டு. வானொலியில் பாடிவந்த கொல்லங்குடி கருப்பாயி அம்மையார் 1985இல் ‘ஆண்பாவம்’ படத்தில் தோன்றி, தம் குரலிலேயே பாடினார். 2021இல் பெரும்புகழ் பெற்ற ‘எஞ்சாய் எஞ்சாமி’யில் பாடலாசிரியர் அறிவு, தம் பாட்டி வள்ளியம்மாளின் பெயரைப் பாட்டிலேயே வைத்தார். நாம் முன்னர்க் கூறிய வட்டச் சீட்டில் இல்லாத பெயர் இங்கே பாட்டுக்குள்ளேயே புகுந்தது. இது நமக்கு மிக்க மகிழ்ச்சி தருவது.

சட்டம் இதில் என்ன சொல்கிறது? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, இயற்றியவருக்கு வாழ்நாளும் அதற்குமேல் 60 ஆண்டும் உரிமை உண்டு. 2012இல் செய்த திருத்தம், திரைப்பாட்டின் கவிஞரும் இசையமைப்பாளரும் தொடர்ந்து பங்கு பெற வழி செய்தது. பாடுவோர்க்கு 1994 முதல் தனி உரிமை உளது. ஆயின் இவையெல்லாம் இன்னார் இயற்றினார், இன்னார் பாடினார் என்று பெயர் சுட்டக்கூடிய இடத்தில் மட்டுமே செல்லும். மூன்று தலைமுறையாகப் பல வாயால் மாறிவந்த மெட்டுக்கு எவர் பெயரைச் சுட்டுவது? ஊரின் பெயரையா, குலத்தின் பெயரையா? ஊரே உடைமையாளர் என்றால் பணத்தை ஊரில் யார் கையில் கொடுப்பது? இவ்வினாக்களுக்குச் சட்டம் இன்னும் முடிவான விடை கூறவில்லை. பாட்டு பொதுச்சொத்து, யாரும் எடுக்கலாம் என்பாரோடு நாம் முற்றும் உடன்படவில்லை. எடுத்தவர் அதன்மேல் தம் பெயரைப் பொறித்த மறுகணமே அது பொதுச்சொத்தாக இருப்பதை விட்டுவிடுகிறதன்றோ?

நம் மாணவருள் கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் பக்கத்தாரும் வெள்ளிமலையைச் சூழ்ந்த மலையூரினரும் உளர். விடுமுறையில் ஊர் செல்வோர் செய்யக்கூடிய ஒன்று உண்டு. நடவுக்கும் நெல்லறுப்புக்கும் இப்போது இயந்திரங்கள் வந்துவிட்டன. உரலையும் உலக்கையையும் அரைவை ஆலை ஓரத்தில் ஒதுக்கிவிட்டது. வேலையோடு பிறந்த பாட்டு, வேலை போனபின் கேட்டால்தான் வரும், தானாக வாராது. பிரிஸ்டலில் ரால்ஃப் பீருக்கு வண்டி நிறையக் கருவிகள் வேண்டியிருந்தன. இன்று மாணவர் சட்டைப்பையிலுள்ள கைப்பேசியே போதும். அதற்கு மூன்று நிமிட எல்லையும் இல்லை. ஆகையால் பாட்டியை இடையில் நிறுத்தச் சொல்லாமல், ஒரு வயல் முடியும் அளவும் பாடவிடலாம். பதிவைத் தொடங்கியதும் முதலில் பாடுபவர் தம் பெயரையும், ஊரையும், அப்பாட்டை யாரிடம் கற்றார் என்பதையும் தம் வாயாலேயே சொல்லச் செய்தல் வேண்டும். அதன்பின் பாட்டு.